பதினாறு நிமிடத்தில் அறுபது கேள்விகள்

இட்லி வெந்ததா என்று பார்க்க வாங்கிய சின்ன டைமர், மூன்று மாதமாக அடுப்படியை விட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. தினமும் இரவு ஏழரைக்கு மகள் உட்காருவாள். நான் பதினாறு நிமிடம் வைப்பேன். அது மணியடிக்கும்போது பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும்.

நாங்கள் சிகாகோ புறநகரில் இருக்கிறோம். இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டுமென்றால், டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, சேர விரும்பும் பள்ளிக்கே போய்த் தேர்வு எழுத வேண்டும். ஹை ஸ்கூல் பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்று பெயர், ஹெச்.எஸ்.பி.டி. என்பார்கள். மகளுக்கு அது வருகிற சனிக்கிழமை.

மொத்தம் 298 கேள்விகள். ஐந்து பகுதிகள். மொழித்திறன் பகுதியில் 60 கேள்விகளுக்கு 16 நிமிடம். எண் திறனில் 52 கேள்விகளுக்கு 30 நிமிடம். வாசிப்பில் 62க்கு 25, கணக்கில் 64க்கு 45, இலக்கணத்தில் 60க்கு 25. முதல் பகுதியில் ஒரு கேள்விக்குப் பதினாறு விநாடிதான். கேள்விகள் கடினமானவை அல்ல. சாவகாசமாக உட்கார்ந்தால் பெரும்பாலானவற்றை என் மகள் போட்டுவிடுவாள். அந்தச் சாவகாசத்தைத்தான் இந்தத் தேர்வு தருவதில்லை.

செப்டம்பரில் முதல் மாதிரித் தேர்வு எழுதியபோது, 41ஆம் கேள்வியில் மணி அடித்துவிட்டது. மீதி 19 கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதனால் தெரியாததையும் ஏதோ ஒன்றைத் தேர்ந்து நிரப்பிவிட்டு நகர வேண்டும். அதைச் சொன்னதும் அவளுக்கு ஒப்பவில்லை. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதுறது தப்பில்லையாம்மா?" என்று கேட்டாள். பதின்மூன்று வயதில் அப்படிக் கேட்கும் பிள்ளையை நினைத்து மனம் நிறைந்தது. ஆனாலும் விதி இதுதான் என்று விளக்கினேன்.

இரண்டாவது தேர்வில் வேறு சிக்கல். 23ஆம் கேள்வியைத் தாண்டிப் போனவள், 24க்கான விடையை 23ஆம் வரிசையில் கறுப்பாக்கிவிட்டாள். அதற்குப் பிறகு பதினொரு விடைகள் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டன. பதினொன்றும் சரியான விடைகள், பதினொன்றும் வீண். அன்று முதல் விடைத்தாளில் ஸ்கேலை வைத்து, ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கப் பழக்கினேன். பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் அம்மா சொல்வார். அதை அவள் கைக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு வாரம் ஆனது.

கால்குலேட்டர் கிடையாது. இங்கே நடுநிலைப் பள்ளியிலேயே கால்குலேட்டர் கைக்கு வந்துவிடுவதால் பின்னத்தைப் பெருக்குவதும் நீள வகுத்தலும் துருப்பிடித்துப் போயிருந்தன. பதினாறாம் வாய்ப்பாடு வரை திரும்பச் சொல்ல வைத்தேன். இதெல்லாம் மூன்று மாதத்தில் மீட்டெடுக்கக் கூடியவை. சொல்வளம் அப்படியல்ல. ஒரே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல் எல்லாம் நாலாம் வகுப்பிலிருந்து நூலகப் புத்தகங்களை வாசித்த பிள்ளைக்குத்தான் பதினாறு விநாடியில் வரும். பட்டியலை மனப்பாடம் செய்தால் வராது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த முதல் பகுதியில் வரும் ஒருவகைக் கேள்வி. மூன்று வாக்கியங்கள் தருவார்கள். முதல் இரண்டும் உண்மை என்றால் மூன்றாவது சரியா, தவறா, உறுதியாகச் சொல்ல முடியாதா? அவளுக்குப் புரிய, தமிழில் ஒன்று சொன்னேன். மாமரம் வேப்பமரத்தைவிட உயரம். தென்னைமரம் வேப்பமரத்தைவிட உயரம். ஆகவே தென்னைமரம் மாமரத்தைவிட உயரம். "சரி" என்றாள் உடனே. எப்படி என்றேன். "தாத்தா வீட்ல பார்த்திருக்கேனேம்மா!" தாத்தா வீட்டுத் தோட்டத்தில் அது உண்மை. கொடுத்த இரண்டு வாக்கியங்களில் அது இல்லை. கையில் இருப்பதிலிருந்து எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அதைப் பெரியவர்கள் நாம் இன்னும் கற்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து காபிக்கு நிற்கும்போது, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டே, "மாதிரித் தேர்வில் எத்தனை பெர்சன்டைல்?" என்று கேட்கிறோம். போன ஞாயிறு அப்படி ஒருவர் கேட்டார். வீடு திரும்பும்போது காரின் பின்சீட்டிலிருந்து, "மார்க் வரலேன்னா எல்லார்கிட்டயும் என்னம்மா சொல்வே?" என்றாள் மகள். எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்று மாதம் மேசையருகே உட்கார்ந்திருந்தும், இந்தப் பயத்தை நான் பார்க்கவில்லை.

அன்று இரவு டைமரை வைக்கவில்லை. அவளிடம் விவரமாகப் பேசினேன். பள்ளிகள் இந்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஏழாம், எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டையையும் ஆசிரியர் எழுதித் தருவதையும் பார்க்கின்றன. எந்தக் கணக்கு வகுப்பில், எந்த ஆங்கில வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யவும் இந்தத் தேர்வு உதவுகிறது. பிளேஸ்மென்ட் என்ற பெயரின் பொருளே அதுதான். பல பள்ளிகளில் உதவித்தொகைக்கும் கணக்கில் எடுப்பதால், நாங்கள் இதை அலட்சியமாக நினைக்கவில்லை. ஆனால் 200க்கும் 800க்கும் இடையே வரும் ஓர் எண்ணிலிருந்து ஒரு பிள்ளை எப்படிப்பட்டவள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "தென்னைமரம் மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று சீக்கிரம் தூங்கினாள்.

ஏழாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். விலையுயர்ந்த வகுப்புக்கு ஓடும் முன் ஒரு பயிற்சிப் புத்தகமும் ஒரு டைமரும் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் வேண்டாம். தினமும் இருபது நிமிடம், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மதிப்பெண் வந்ததும் அதைக் கோவில் வாசலில் சொல்லாதீர்கள். அடுத்தவர் பிள்ளையின் மதிப்பெண்ணையும் கேட்காதீர்கள்.