கொம்புமுறித்த மண்ணுக்குக் கற்பனை அந்நியமா?

அனிமே பார்க்கிற, ஹாரி பொட்டரைத் திரும்பத் திரும்பப் படிக்கிற, பிடித்த பாத்திரத்தின் உடையைத் தானே தைத்துப் போட்டுப் பார்க்கிற பிள்ளைகள் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இருக்கிறார்கள். "இதெல்லாம் நமக்கு என்னத்துக்கு மனே?" என்று கேட்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். அறிபுனைவும் மாயக்கதையும் வெள்ளைக்காரருக்கும் ஆங்கிலம் படித்த கொழும்பாருக்கும் உரியவை, எழுவான்கரைப் பிள்ளையோ படுவான்கரைப் பிள்ளையோ அதில் ஒட்டிக்கொள்வது இரவல் வேஷம் என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை நான் முழுதாக மறுக்கிறேன்.

முதலில், "நமக்குப் பழக்கமில்லாதது" என்ற வாதம். கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறி விளையாட்டை மறந்தவர்கள்தான் இப்படிப் பேச முடியும். அதில் ஊர் இரண்டாகப் பிரியும்: தென்சேரி கண்ணகி பக்கம், வடசேரி கோவலன் பக்கம். எந்தச் சேரி என்பது குடும்பவழியாக வருவது. வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். காப்பிய மாந்தருக்காக ஊரே கட்சி கட்டி நின்ற மண் இது. கதைப் பாத்திரத்துக்காகத் தொண்டை கிழிய வாதாடுகிற பிள்ளை இங்கே எப்படி அந்நியமாவாள்?

கூத்தும் அப்படித்தான். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் ஆடுபவர்களுக்குச் சட்டம் (அவரவர் பாட்டும் வசனமும்) கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் வயல்வேலைக்குப் பிறகு பழகுவார்கள். களரியைச் சுற்றி இருப்பவர்களுக்கும் தாளக்கட்டும் வரவுப்பாட்டும் மனப்பாடம். ஆட்டம் பிசகினால் அவர்களுக்கு உடனே தெரியும். ஒரு கதையை வரிவரியாக அறிந்து ரசிக்கிற பழக்கமும் இங்கே புதிதல்ல.

"விஞ்ஞான மூளைக்கும் கற்பனைக்கும் ஒத்துவராது" என்பது இரண்டாவது வாதம். இதற்குக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரே பதில். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். பல நூற்றாண்டுகளாக எவரும் கண்ணால் காணாத யாழ்களைச் சிலப்பதிகார வரிகளிலிருந்து கணக்குப் போட்டு மீட்க முயன்றார். சுருதிகளின் விகிதங்களைக் கணித்தார், யாழின் வடிவத்தை வரைந்தார். 1947இல் வெளிவந்த யாழ் நூல் அந்த உழைப்பின் பயன். தொலைந்துபோன ஒரு கருவியை இயற்பியலாலும் கற்பனையாலும் மறுபடி உருவாக்குவதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது? அதே மனிதர்தான் வாவியின் பாடும் மீன் ஓசையைக் கேட்டு, நீரரமகளிர் பாடுவதாகக் கவிதை எழுதினார். ஊரி (சிப்பி) கத்துகிறது என்று மீனவர் சொன்ன அந்த ஓசையை 1848இல் குடியேற்ற ஆட்சிச் செயலாளர் எமர்சன் டெனன்டும் கேட்டுப் பதிந்துவைத்திருக்கிறார். அவருக்கு அது ஆராய வேண்டிய இயற்கை. விபுலாநந்தருக்கு அது ஆய்வும் தேவதைக் கதையும் சேர்ந்தது. கல்லடியில் அவர் சமாதியைக் கடந்துபோகும் எந்தப் பிள்ளையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயமில்லை.

"போரும் சுனாமியும் கண்ட ஊரில் இது தப்பியோடல்" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நாவலடியை 2004இல் கடல் என்ன செய்தது என்று அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் கல்முனைப் பக்கத்து உமா வரதராஜன் எழுதிய 'அரசனின் வருகை'யைப் படித்துப் பார்க்கட்டும். நேரே பேச முடியாத காலத்தில், பெயரில்லாத ஒரு அரசனையும் சிதைந்த ஒரு நகரத்தையும் வைத்து அவர் எங்கள் காலத்தையே சொன்னார். கற்பனை அங்கே வாய்திறக்கிற வழியாக இருந்தது. கொழும்பில் வாழும் வஜ்ர சந்திரசேகர, இலங்கையின் வன்முறையை மாயக்கதையாக்கிய தன் முதல் நாவலுக்காக 2024இல் நெபியூலா விருது பெற்றதும் அந்த வழியில்தான்.

கடைசி வாதம் ரசிகர்களுக்குள்ளிருந்தே வருகிறது. இதுதான் என்னை அதிகம் நோகடிக்கிறது. தமிழ் டப்பிங்கில் பார்த்தவள், மூல நூலைப் படிக்காதவள், பெண்பிள்ளை என்றால் "நீ உண்மையான ரசிகையா?" என்று கேள்வி கேட்டுச் சோதிப்பது. கூத்தும் இந்தக் கதவடைப்பை அறியும். பெண் வேடத்தையும் நெடுங்காலம் ஆண்களே கட்டினார்கள். இன்று கல்லடியிலுள்ள விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண்கள் கூத்துப் பயின்று ஆடுகிறார்கள். வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகைகள் இரண்டும் அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. இரும்புக்கை மாயாவி காமிக்ஸில் தொடங்கியவனையும் தமிழ் டப்பிங் நருட்டோ அனிமேயில் தொடங்கியவளையும் கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்து என்ன படிக்கலாம் என்று அவர்கள் கேட்டால், கையிலிருக்கும் புத்தகத்தைக் கொடுங்கள்.