6 மாதம் மகள் வீட்டுக்கு... தேனியிலிருந்து வெளிநாடு போக எந்த விமான நிலையம் கட்டுப்படியாகும்?

மகளுக்குப் பிரசவம். அம்மா அமெரிக்கா போகணும், ஆறு மாதம் கூட இருக்கணும். இன்னொரு வீட்டில் மகன் லண்டனில் இருந்து அப்பா, அம்மா இருவரையும் கூப்பிடுகிறான். கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி பக்கம் இன்றைக்கு இது அபூர்வமான பேச்சு இல்லை. விசா கைக்கு வந்த மறுநாளே அடுத்த குழப்பம் ஆரம்பிக்கிறது. டிக்கெட் சென்னையிலா, கொச்சியிலா? மதுரை பக்கத்தில்தானே இருக்கு, அங்கிருந்தே போக முடியாதா?

செல்போனில் தேடினால் முதலில் வந்து நிற்கும் விலை, விமான நிலைய வாசலில் தொடங்கும் விலை. வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டால் அந்த வரிசையே மாறிவிடும். ஆறு மாதம் தங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. போகும் டிக்கெட்டை விட, திரும்பும் டிக்கெட்தான் கடைசியில் செலவை முடிவு செய்கிறது.

மதுரை ஏன் கைகொடுக்கவில்லை?

தேனியிலிருந்து மதுரை சுமார் 75 கி.மீ.தான். ஆனால் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ அங்கிருந்து நேரடி விமானம் இல்லை. ஒரு காரணம் ஓடுதளம். சுமார் 7,500 அடி நீளமுள்ள ஓடுதளத்தில், முழு எரிபொருள் நிரப்பிய பெரிய ரக விமானம் நீண்ட தூரத்துக்குக் கிளம்புவது கஷ்டம். அதை 12,500 அடியாக நீட்டும் திட்டம் நிலம் கையகப்படுத்துவதிலேயே பல ஆண்டுகள் இழுத்தது.

இன்னொரு காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. எந்த நாட்டு விமான நிறுவனம் இந்தியாவின் எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கைகளுடன் வரலாம் என்பதை இரு நாட்டு அரசுகளும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. இந்த ஒப்பந்தங்களில் மதுரையைச் சேர்க்க வேண்டும் என்பது தென் மாவட்ட வணிகர்களின் நீண்ட நாள் கோரிக்கை. இந்திய நிறுவனங்களுக்கு இந்த ஊர்க் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் மதுரையிலிருந்து துபாய்க்கு ஸ்பைஸ்ஜெட்டும், சிங்கப்பூருக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும், அபுதாபிக்கு இண்டிகோவும் சேவை தொடங்க முடிந்தது. எமிரேட்ஸுக்குத் தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான். கேரளாவிலோ கொச்சி, திருவனந்தபுரம் என இரண்டு ஊர்கள்.

இருக்கை எண்ணிக்கையிலும் பூட்டு இருக்கிறது. இந்தியா - துபாய் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்பது 2014-ல் போட்ட கணக்கு. அதைக் கூட்டித் தர வேண்டும் என்று எமிரேட்ஸ் பல வருடமாகக் கேட்கிறது. வளைகுடா நிறுவனங்கள் இந்தியப் பயணிகளை அள்ளிக்கொண்டு போய் அமெரிக்கா, ஐரோப்பாவில் இறக்குவதை விட, இந்திய நிறுவனங்களே நேரடியாகப் பறக்கட்டும் என்பது டெல்லியின் வாதம். நீண்ட நாள் நோக்கில் அதில் நியாயம் இருக்கலாம். அதுவரை ஏறும் கட்டணத்தை கம்பத்துக்காரரும் சேர்த்துத்தான் கட்டுகிறார்.

கொச்சியா, சென்னையா?

கம்பம், கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு கொச்சி நெடும்பாசேரி விமான நிலையம்தான் சாலை வழியில் வசதி. குமுளி ஏறி, கேரளாவுக்குள் இறங்கினால் மலைப்பாதையையும் சேர்த்து ஐந்து, ஆறு மணி நேரம். போடிக்காரர்கள் போடிமெட்டு, மூணாறு வழியாகவும் போகலாம். எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ், எத்திஹாட் மூன்றும் கொச்சியிலிருந்து கிளம்புகின்றன. வளைகுடா போக்குவரத்து அதிகம் என்பதால் போட்டியும் அதிகம்.

ஆனால் மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் திட்டம் காலி. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம். கம்பம் - குமுளி பகுதியில் ஒருவழிப் பாதையாக மாற்றுவதும் வழக்கம். அந்த நாட்களில் விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் போய்ச் சேருவோம் என்று கணக்குப் போட்டு வண்டி எடுக்கக்கூடாது. முதல் நாளே கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். அப்படியானால் ஒரு இரவு அறை வாடகை டிக்கெட் விலையோடு சேரும்.

சென்னைக்குப் பாதை இப்போது கொஞ்சம் எளிது. 2010 கடைசியில் நின்றுபோன மதுரை - போடி ரயில், அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனி வரை வந்தது. 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் விரைவு ரயில் ஓடத் தொடங்கியது. நாலு பெட்டி, இரண்டு பெரியவர்கள் என்றால் காரை விட இது எவ்வளவோ மலிவு. சிக்கல் நேரத்தில்தான். ரயில் காலையில் போய்ச் சேரும். சென்னையிலிருந்து கிளம்பும் பல நீண்டதூர விமானங்கள் நள்ளிரவுக்கு மேல், அதிகாலையில். ஒரு பகல் முழுக்கத் தங்க இடம் வேண்டும். சென்னையில் சொந்தக்காரர் வீடு இருக்கிறவர்களுக்குத்தான் இது முழு லாபம். லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ், பிராங்க்பர்ட்டுக்கு லுஃப்தான்சா என நேரடி விமானம் சென்னையில்தான் உண்டு. அமெரிக்காவுக்கு அங்கிருந்தும் எங்காவது ஒரு இடத்தில் மாறித்தான் ஆகணும்.

பலரும் தேடாமல் விடும் வழி கொழும்பு. மதுரையிலிருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கொழும்பு போகிறது. அங்கிருந்து லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், சிட்னிக்கும் அதே நிறுவனத்தின் விமானங்கள் உண்டு. ஒரே டிக்கெட்டில் கிடைத்தால் சென்னைப் பயணமும் மிச்சம், மலைப்பாதையும் மிச்சம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் திருச்சியையும் பார்க்கலாம். சிங்கப்பூர் வழியாக ஸ்கூட், கோலாலம்பூர் வழியாக ஏர் ஏசியா, பாட்டிக் ஏர் என்று மலிவுக் கட்டணச் சேவைகள் அங்கே இருக்கின்றன. பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு என்பதைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் அது மலிவா இல்லையா என்று தெரியும்.

விலை எப்போது ஏறும்?

'சீசன்' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்தத் திசையில் சீசன் என்று பார்க்கணும். வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட்டில். ஜூன் கடைசியில் குடும்பங்கள் கேரளாவுக்கு வரும்போது, அங்கிருந்து வரும் டிக்கெட் ஏறும். ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் திரும்பும்போது கொச்சியிலிருந்து போகும் டிக்கெட் ஏறும். அதே நேரத்தில் அமெரிக்கா, கனடா போகும் மாணவர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் எல்லாத் திசையிலும் கூட்டம். தேதியைத் தள்ளிப்போட முடிகிறவர்களுக்கு அக்டோபரும் பிப்ரவரியும் பரவாயில்லை. பிரசவத் தேதியைத் தள்ளிப்போட முடியாது; அந்தக் குடும்பங்கள் முன்கூட்டியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் சுமார் 11 மாதத்துக்கு மேல் முன்பதிவைத் திறப்பதில்லை. ஆறு மாதம் தங்கித் திரும்பும் டிக்கெட் என்றால், போவதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் இரண்டு தேதியும் ஒன்றாகக் கிடைக்கும்.

திரும்பும் தேதியில்தான் கண்ணி

அமெரிக்க சுற்றுலா விசா 10 வருடத்துக்கு இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் குடியேற்ற அதிகாரிதான் முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம். ஐ-94 என்ற பதிவில் இருக்கும் தேதிதான் கணக்கு. விசாவில் உள்ள தேதி இல்லை. அதைத் தாண்டித் தங்கினால் விசாவே செல்லாமல் போகும். அதனால் 180-வது நாளில் திரும்பும் டிக்கெட் போடுவது ஆபத்து. ஒரு விமானம் ரத்தானாலே கெடு தாண்டிவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். கனடாவில் பெற்றோர், தாத்தா பாட்டிக்கு சூப்பர் விசா இருக்கிறது. ஒரு முறை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் பயண டிக்கெட் அத்தனை நாள் செல்லாது.

ரொம்ப மலிவான டிக்கெட்டின் விதிமுறைகளில் 'அதிகபட்சத் தங்கும் காலம்' என்று ஒரு வரி இருக்கும். அது மூன்று மாதம் என்றிருந்தால் ஆறு மாதம் தங்குவோருக்கு அந்த டிக்கெட் ஆகாது. அதேபோல் தேதி மாற்றக் கட்டணம். பேரன் பிறந்த வீட்டில் "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போங்கம்மா" என்ற பேச்சு வராமல் இருக்காது. மாற்றினால் அபராதத்தோடு அன்றைய விலை வித்தியாசமும் சேரும். ஆக, வாங்கும்போது ஐந்து, பத்தாயிரம் கூடக் கொடுத்து தேதி மாற்றும் வசதியுள்ள டிக்கெட் எடுப்பது வீண் செலவு இல்லை. இணையத்தில் எங்கோ இருக்கும் ஏஜென்சியில் எடுத்திருந்தால், விமான நிறுவனம் பெரும்பாலும் "அவர்களிடமே கேளுங்கள்" என்றுதான் சொல்லும். ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக அந்தப் பாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

ஒரே டிக்கெட்டா, இரண்டு துண்டா?

மதுரை - சென்னை தனி, சென்னை - நியூயார்க் தனி என்று எடுத்தால் மொத்தத்தில் குறைவாகத் தெரியும். ஆனால் உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான். அமெரிக்க டிக்கெட்டில் பெரும்பாலும் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. கருவாடு, மசாலா, பிள்ளைக்கு வசம்பு என்று கட்டிய மீதிப் பெட்டிக்கு மதுரையிலேயே பணம் கட்டணும். (கருவாட்டையும் மசாலாவையும் அந்த நாட்டு விதி அனுமதிக்கிறதா என்றும் பார்க்கணும்.) முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு கிடையாது. 'வரவில்லை' என்று எழுதி டிக்கெட்டை ரத்து செய்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் வான்வழி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டு, ஏர் இந்தியாவின் அமெரிக்கப் பயண நேரம் கூடியது; டெல்லி - வாஷிங்டன் சேவை செப்டம்பர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வழியை மூட, விமானங்கள் பாதியில் திரும்பின. இப்படி ஒரு நாளில் ஒரே டிக்கெட் வைத்திருப்பவருக்கு மாற்று விமானம் தர வேண்டியது நிறுவனத்தின் வேலை. துண்டு துண்டாக எடுத்தவர் தன் பாட்டைத் தானே பார்க்கணும்.

ஒரே டிக்கெட்டிலும் ஒரு விஷயம் கவனிக்கணும். மதுரையிலிருந்து ஆரம்பிக்கும் டிக்கெட்டை எடுத்துவிட்டு, "ரயிலில் வந்துட்டோம், சென்னையிலேயே ஏறிக்கிறோம்" என்றால் முடியாது. முதல் பகுதியில் ஏறாவிட்டால், திரும்பும் பயணம் உட்பட மீதி எல்லாம் ரத்தாகும்.

தனியாகப் போகும் அம்மாவுக்கு மாறும் இடமும் முக்கியம். லண்டனில் மாறினால் அமெரிக்கா அல்லது கனடா விசா கையில் இருக்கிறதா என்று பார்க்கணும். இல்லாவிட்டால் இந்தியர்களுக்குத் தனி இடைமாற்ற விசா தேவைப்படும். அபுதாபி வழியாக எத்திஹாட்டில் அமெரிக்கா போனால், குடியேற்றச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். நியூயார்க்கில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணி மாதிரி வெளியே வந்துவிடலாம். அந்தச் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் இரண்டு விமானங்களுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கணும். வீல்சேர் உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிட்டால், தமிழ் மட்டும் தெரிந்தவரையும் ஊழியரே அடுத்த வாயில் வரை கூட்டிப் போய்விடுவார்.