இரண்டு தணிக்கைகள்

தமிழில் தணிக்கை என்ற சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை. செய்தியையோ திரைப்படத்தையோ வெட்டுவதும் தணிக்கை. முன்னதில் மறைந்திருந்தது வெளியே வருகிறது, பின்னதில் வெளியே இருந்தது மறைகிறது. எதிரெதிரான இரு செயல்களுக்கு ஒரே சொல் வாய்த்தது எப்படி என்பதை அகராதிக்காரர்கள் ஆராயட்டும். தணிகையில் குடியிருப்பவனாகையால் இச்சொல் என் காதில் கொஞ்சம் உரக்க ஒலிக்கிறது போலும். நமது உளவு அமைப்புகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டாவது தணிக்கையை அவை தாராளமாகப் பெறுகின்றன, முதலாவது தணிக்கை அவற்றின் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

இது வெறும் சொல்விளையாட்டு அன்று. உளவுத்துறையான ஐ.பி. 1887இல் ஆங்கில ஆட்சி தொடங்கிவைத்த அமைப்பு. நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் எதுவும் அதற்கு இல்லை. 1968இல் பிறந்த 'ரா' அமைப்புக்கும் இல்லை. ஐ.பி.க்கு ஒதுக்கப்படும் தொகையாவது உள்துறையின் மானியக் கோரிக்கையில் ஒரு வரியாகக் கிடைக்கிறது. 2023-24இல் அது சுமார் 3,418 கோடி ரூபாய். 2024-25இல் சுமார் 3,823 கோடி. எதற்கு எவ்வளவு என்ற விவரம் கிடையாது. 'ரா'வுக்கு அந்த ஒற்றை வரியும் இல்லை. அமைச்சரவைச் செயலகத்தின் கணக்குக்குள் அது கரைந்துபோகிறது. 'இரகசியச் சேவைச் செலவு' என்றொரு தலைப்பு அரசாங்கக் கணக்கில் உண்டு. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அலுவலர்கள் அதன் பற்றுச்சீட்டுகளைப் பார்ப்பதில்லை. பணம் முறையாகச் செலவாயிற்று என்று அத்துறையின் அதிகாரியே ஒரு சான்றிதழ் தருவார். தணிக்கை அதோடு முடிந்தது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தருக்குக்கூட இந்தச் சலுகை இல்லை.

தேசியப் பாதுகாப்பு மன்றச் செயலகத்துக்கு 2016-17இல் 33 கோடி ரூபாயளவில் ஒதுக்கப்பட்டிருந்தது. 2017-18 வரவுசெலவுத் திட்டத்தில் அது 333 கோடியாயிற்று. கூடுதலான முந்நூறு கோடி 'இணையப் பாதுகாப்பு ஆராய்ச்சி' என்ற புதிய தலைப்பின் கீழ் வந்தது. 2021இல் பெகாசஸ் விவகாரம் வெடித்தபோது, அந்தப் பணம் எங்கே போயிற்று என்று சிலர் கேட்டார்கள். அது பெகாசஸுக்குத்தான் போயிற்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. போகவில்லை என்று சொல்லவும் எந்தக் குடிமகனிடமும் ஆதாரம் இல்லை என்பதே என் குறை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளைச் சோதித்து, ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும் தெரிவித்தது. அரசு தங்களுக்கு ஒத்துழைக்கவில்லை என்று அக்குழு கூறியதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே குறிப்பிட்டார்.

உளவே கூடாது என்று வாதிடுவோர் கட்சியில் நான் இல்லை. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எங்கள் பக்கத்து மனிதர்களுக்குச் செய்தித்தாள் செய்தியன்று. மும்பை 2008ஐயும் மறக்க முடியாது. ஒற்றரின்றி அரசு இல்லை என்பதை வள்ளுவரும் ஒப்புக்கொண்டு, அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அந்த அதிகாரம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்ற நான்கையும் கடந்த பிறகே ஐம்பத்தொன்பதாவதாக ஒற்றாடல் வருகிறது. குடிகளை அச்சுறுத்தாதவன், கண்ணில் இரக்கம் உள்ளவன் என்று தேறியவனுக்குத்தான் ஒற்றனை வைத்துக்கொள்ளும் பாடம் சொல்லப்படுகிறது. இந்த வரிசையை வள்ளுவரே வகுத்தாரா, உரைகாரர் வகுத்தாரா என்ற விவாதம் உண்டு. யார் வகுத்திருந்தாலும் வரிசையில் ஓர் அறிவு இருக்கிறது. அதிகாரத்துக்குள்ளும், ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்ற எச்சரிக்கை வருகிறது. முடியரசின் காலத்திலேயே ஒற்றுக்கு ஒரு தணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது.

சரிபார்க்காத ஒற்று என்ன செய்யும் என்பதற்குப் புறநானூற்றின் 47ஆம் பாட்டு சான்று. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் பாடி அவனை உய்வித்தார் என்கிறது அதன் அடிக்குறிப்பு. இளந்தத்தனுக்கு ஒரு கோவூர்கிழார் இருந்தார். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் பாரதியைத் தொடர்ந்த ஆங்கிலேய ஒற்றர்களிடம் அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை. எழுத்தாளனின் வாசலில் ஒற்றன் நிற்பது நமது இலக்கிய வரலாற்றுக்குப் புதிதன்று. ஆகவே இது அரசியல்வாதிகளின் சங்கதி, நமக்கென்ன என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிக்கொள்வதில் நியாயமில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றி பி.யு.சி.எல். தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரம்புகள் விதித்தது. உள்துறைச் செயலர் ஆணையிட வேண்டும். ஆணைக்குக் காலக்கெடு உண்டு. இரு மாதங்களுக்குள் ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். ஆனால் பார்ப்பவர்கள் யார்? அவர்களும் அரசுச் செயலர்களே. நீதிபதி இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை. 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளிலும் இது மாறவில்லை. மத்திய அரசு மாதந்தோறும் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாக, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு முன்பு ஒருமுறை பதில் கிடைத்தது. இரு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவின் மேசையில் அப்படியானால் ஒவ்வொரு முறையும் பதினைந்தாயிரம் கோப்புகளுக்குக் குறையாமல் இருக்கும். அவற்றைப் படிக்கவே முடியாது. கையெழுத்து மட்டும் போட முடியும்.

இதில் ஓர் ஆறுதல் சென்னையிலிருந்து வந்தது. 2011இல் ஒரு லஞ்ச வழக்குக்காக மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்று சட்டம் சொல்லும் காரணங்கள் இல்லாமல், குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் ஒருவர் பேச்சை மறைந்திருந்து கேட்க முடியாது என்றார். கேட்டவை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பதும் அவ்வழக்கில் வெளிப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் டில்லி உயர் நீதிமன்றம், ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கக் கூடியதே என்று வேறுவிதமாகத் தீர்ப்பளித்திருந்தது. ஒட்டுக்கேட்கப்பட்டது தெரியவந்தவர் வழக்காடலாம். தெரியாமலே கேட்கப்பட்டவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்காக உள்ளிருந்து ஒருவர் பேசினால்தான் உண்டு.

அப்படிப் பேசியவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியின் ஊழல்களை 2002இல் பிரதமருக்கு எழுதினார். தம் பெயரை மறைத்துவைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி முயற்சியில் நடந்த கொலை என்று சி.பி.ஐ. முடிவு கட்டியது. அது அப்படியே இருக்கட்டும். பெயரை மறை என்று ஒரு மனிதன் மன்றாடிக் கேட்டதை அரசு செய்யவில்லை என்ற உண்மை அந்த முடிவால் மாறிவிடாது.

'ரா'வில் பணியாற்றி ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் வி.கே. சிங், அவ்வமைப்பின் கருவிக் கொள்முதல் குளறுபடிகளைப் பற்றி 2007இல் புத்தகம் எழுதினார். செப்டம்பரில் சி.பி.ஐ. அவர் வீட்டைச் சோதனையிட்டது. 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் அவர்மீது பாய்ந்து, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2021இல் ஓய்வூதிய விதிகளையும் திருத்திவிட்டார்கள்: உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றியவர்கள் அத்துறை பற்றி முன்னனுமதியின்றி எழுதினால் ஓய்வூதியம் போகலாம். சிறையை விட இது நுட்பமான ஆயுதம்.

தமிழகத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2008 ஏப்ரலில் தலைமைச் செயலாளரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் தொலைபேசியில் பேசிக்கொண்டது ஆங்கில நாளேடு ஒன்றில் வெளியானது. அடுத்த மாதம் இன்னொரு உரையாடல் வெளியாகி ஓர் அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. விசாரணை ஆணையம் அமைந்தது. பதிவுகளைக் கசியவிட்டதாக அதே துறையின் ஊழியர் ஒருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் கைதானார். பல்லாண்டுகள் கழித்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த ஆண்டிலேயே லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து அரசு விலக்கும் அளித்தது. கசிவுக்கு அரசு கண்ட மருந்து, குழாயை இன்னும் இறுக்குவது.

இந்த வழக்கில்தான் அறக்கேள்வி முழு உருவில் நிற்கிறது. அதிகாரிகள் பேசிக்கொண்டதை மக்கள் அறிந்தது நன்று என்போம். ஆனால் அது ஒட்டுக்கேட்ட பேச்சு. யாரோ ஒருவருடைய அந்தரங்கத்தை மீறித்தான் அந்த உண்மை நம்மிடம் வந்தது. அரசு கேட்டால் குற்றம், நமக்கு வேண்டிய ஒருவர் கேட்டால் தொண்டு என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. அதனால்தான் வெளியிடுவோர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்கிறேன். மூன்று கேள்விகள் போதும். வெளியிட்டது அதிகாரத்தின் செயலையா, ஒரு மனிதனின் அந்தரங்கத்தையா? உள்ளே முறையிட்டுப் பார்த்தாரா, அல்லது முறையிட நம்பகமான இடமே இல்லையா? களத்தில் இருக்கும் ஒற்றரின் உயிருக்கு ஊறு வராதபடி பொறுக்கி எடுத்துத் தந்தாரா, அல்லது மூட்டையோடு கொட்டினாரா? 2013இல் எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்க உளவின் கோப்புகளைப் பத்திரிகையாளர்களிடம் தந்து, எதை வெளியிடலாம் என்று அவர்களையே முடிவு செய்யச் சொன்னார். 52.6 பில்லியன் டாலர் 'கறுப்பு நிதி'க் கணக்கை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டபோது, ஆபத்தான பகுதிகளை விட்டுவிட்டே வெளியிட்டது. அந்தக் கோப்புகளின்படி அமெரிக்கா மிகுதியாகத் துருவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அவர் அடைக்கலம் கேட்டபோது நாம் மறுத்தோம். உண்மையை எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டுவந்தவனை வாசலிலேயே நிறுத்தியதில் எனக்கு இன்றும் வெட்கம் உண்டு.

இந்து நாளிதழ் வெளியிட்ட ரஃபேல் ஆவணங்கள் திருடப்பட்டவை, எனவே பார்க்கக் கூடாதவை என்று அரசு 2019இல் வாதிட்டது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவற்றைப் பரிசீலிக்கத் தடையில்லை என்றது. ஆவணம் எந்த வழியில் வந்தது என்பது அதில் இருக்கும் செய்தியை அழித்துவிடாது என்ற தெளிவு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. சட்டமன்றங்களுக்குத்தான் இல்லை. ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு எந்த ஆட்சிக்கும் காரணம் சொல்லத் தேவைப்படவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு மொழியிலும் ஒரு விடை இருக்கிறது. இத்தகையவர்களுக்கு நம்மிடம் புழக்கத்தில் இருக்கும் சொல் 'காட்டிக்கொடுத்தவன்'. பேச்சு வழக்கில் 'போட்டுக்கொடுத்தவன்'. இரண்டிலும் எட்டப்பன் வாடை அடிக்கிறது. வீட்டுச் சங்கதியை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்த நமக்கு அரசாங்கமும் ஒரு வீடாகத் தோன்றிவிடுகிறது. ஆனால் வள்ளுவர் வேறொரு சொல் வைத்திருக்கிறார்: இடிப்பார். தவறு கண்டபோது இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன், கெடுக்கும் பகைவன் இல்லாமலே கெடுவான் என்பது அவர் துணிபு. அங்கே இடிப்பவன் துரோகி இல்லை. அரசின் காவல் அவன். 'இடித்துரைப்போர்' என்ற சொல்லை நாம் எழுத்தில் புழங்கத் தொடங்கலாம் என்று இங்கு எழுதுகிற நண்பர்களுக்கும் முன்மொழிகிறேன்.

மற்றவை சட்டத்தின் வேலை. உளவு அமைப்புகளுக்குத் தனிச்சட்டம் வேண்டும். பிரிட்டன் 1989இலும் 1994இலும் அதைச் செய்து, நாடாளுமன்ற உறுப்பினர் குழுவொன்றையும் மேலே வைத்தது. அதனால் அவர்களுடைய உளவுத்துறை குடிமுழுகிப் போய்விடவில்லை. ஒட்டுக்கேட்பு ஆணையை ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். இரகசியச் செலவை, வாய்காக்கும் உறுதிமொழி எடுத்த ஒரு சிறு குழுவாவது தணிக்கை செய்ய வேண்டும். அலமாரியில் இருக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளியே வர வேண்டும். இவற்றில் எதுவும் எந்த ஒற்றனின் முகமூடியையும் கழற்றாது. முகமூடிக்குப் பணம் கொடுப்பவர்கள் நாம். அது எவ்வளவு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.