என்ன படிக்கிறீங்க, சரி... அப்புறம் யார் படிப்பாங்க?

ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். ஊரில் மழை உண்டா, லீவுக்கு டிக்கெட் போட்டாச்சா, இப்போ என்ன படிக்கிறீங்க. மூன்றாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பதில் சொல்லும் சாக்கில் கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம் பாருங்கள் :-)

போன நவராத்திரிக்குச் செம்பூரில் ஒரு நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தபோதும் அந்தக் கேள்வி வந்தது. நான் பட்டியலை எடுத்து விட்டேன். நாஞ்சில் நாடனின் 'மிதவை'யை மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். வேலை தேடிப் பம்பாய் வரும் படித்த பையனின் கதை, 1986-ல் வந்த நாவல். எழுபதுகளில் இதே ஊருக்குப் பிழைக்க வந்து இங்கிருந்தே எழுதியவர் அவர். அதனால் படிக்கும்போது நம் கதை மாதிரியே இருக்கும். அடுத்தது அம்பை. அவரும் நம்ம ஊர்தான், அதாவது மும்பை. 2021-க்கான சாகித்திய அகாதமி விருது வாங்கிய 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப்பறவை' பாதியில் நிற்கிறது.

மற்றவர்களும் சொன்னார்கள். ஒருவர் 2022-ல் படம் வந்த பிறகு 'பொன்னியின் செல்வன்' ஒலிப்புத்தகம் ஆரம்பித்து, இன்னும் ஆபீஸ் போகும்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு மாமிக்கு ரமணிசந்திரன். ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார்: "நமக்கு வாட்ஸப்தான் சார்." எல்லோரும் சிரித்தோம்.

மூலையில் என் மகள் தலையணை அளவு ஆங்கிலப் புத்தகம் ஒன்றோடு உட்கார்ந்திருந்தாள். நண்பரின் மனைவி, "தமிழ்ல என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டார். "எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும் ஆன்ட்டி, படிக்கத் தெரியாது." பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்கும் தெரியாது. அதற்குள் சுண்டல் வந்துவிட்டது. பேச்சு மாறிவிட்டது.

எனக்குத்தான் அந்தச் சுண்டல் இறங்கவில்லை.

நான் 1998-ல் இந்த ஊருக்கு வந்தேன். சயனில் ஒரு அறையில் நாலு பேர். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே போய் வாரம் ஒரு விகடன், ஒரு குமுதம் வாங்குவோம். முதலில் யார் படிப்பது என்று சண்டையே நடக்கும். பிறகு செம்பூருக்கு மாறியபோது ஹார்பர் லைனில் படிப்பேன். குர்லாவில் ஏறும் கூட்டத்தில் கை அசைக்க முடியாது. பத்திரிகையை நாலாக மடித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டால் சிஎஸ்டி வரும்போது ஒரு தொடர்கதையும் நாலு ஜோக்கும் முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்க்குலேட்டிங் லைப்ரரிக்காரர் பை நிறையப் பத்திரிகைகளோடு மாடி ஏறி வருவார். எங்கள் கட்டடத்தில் பதினொரு தமிழ் வீடுகள் அவரிடம் வாங்கின. அப்புறம் ஏழு, நாலு... ஒரு நாள் அவர் வருவதை நிறுத்திவிட்டார். 'கல்கி'யும் 2020-ல் அச்சை நிறுத்தியது.

இந்த இடத்தில் "காலம் கெட்டுப்போச்சு" என்று புலம்புவது வழக்கம். நான் புலம்பப் போவதில்லை. உண்மையில் தமிழ்ப் புத்தகம் கிடைப்பது இன்று போல என்றைக்கும் இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை சும்மாவே தருகிறது. கிண்டில் 2016-லிருந்து தமிழைக் காட்டுகிறது. ஆர்டர் போட்டால் சென்னைப் பதிப்பகங்களின் புத்தகம் சில நாளில் வாசலுக்கு வருகிறது. புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. படிக்கிற கண்ணுக்குத்தான் பஞ்சம்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை, மணியம் படங்களோடு வாராவாரம் கிழித்து வைத்து பைண்ட் செய்தவர். அவருடைய அப்பா தொடங்கி வைத்த சேகரிப்பு என்பார். இரண்டு வருஷம் முன்பு போய்ச் சேர்ந்தார். பதிமூன்றாம் நாள் முடிந்து நான் மேலே போனபோது ரத்திவாலா தராசோடு உட்கார்ந்திருந்தான். கிலோ 14 ரூபாய்.

அவர் மகனைக் குறை சொல்ல மாட்டேன். புனேயில் இருக்கிறார், அப்பாவைக் கடைசி வரை நன்றாகப் பார்த்துக்கொண்டவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அப்பா ராத்திரியில வாசிச்சுக் காட்டுவார். வந்தியத்தேவன் கதை முழுக்க எனக்குத் தெரியும். ஆனா ஒரு வரி படிக்கத் தெரியாது. நான் கொண்டுபோய் என்ன பண்ண?" இரண்டு வால்யூம் நான் எடுத்துக்கொண்டேன். மீதி சாக்கில் போயிற்று.

இனி தாராவிக்கு வருகிறேன். தோல் பை ஒன்றுக்கு ஜிப் மாற்ற 90 அடி சாலைப் பக்கம் ஒரு அண்ணாச்சி கடைக்குப் போவேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எழுபது வயதிருக்கும். ஒரு சாயங்காலம் போனபோது ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கடைப் பலகையில் உட்கார்ந்து தினத்தந்தியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். கொலை, விபத்து, ராசிபலன், ஒன்றையும் விடவில்லை. அண்ணாச்சி தைத்துக்கொண்டே "உம்" கொட்டினார்.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் சார் தெரியும். இது வாசிக்கும், நான் கேப்பேன்" என்றார்.

அவள் போவது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. புத்தக அலமாரி வைத்துப் பட்டியல் ஒப்பிக்கும் என் வீட்டில் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அண்ணாச்சி வீட்டில் தெரிகிறது. அது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. "சின்னவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போட்டாச்சு சார், காலம் அப்படி" என்றும் அண்ணாச்சி சொன்னார். என்ன பதில் சொல்ல முடியும்? என் மகளையும் அங்கேதானே போட்டிருக்கிறேன்.

நண்பர்களிடம் இதைச் சொன்னால், "பேசினாப் போதும்பா, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மூணு மொழி பாரம்" என்கிறார்கள். பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் அம்மா ஊரிலிருந்து பேத்திக்கு வாட்ஸப்பில் தமிழில் எழுதுகிறாள். அறுபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டு எழுதுகிறாள். பேத்தி போனை என்னிடம் நீட்டி, "அப்பா, ஆச்சி என்ன போட்டிருக்காங்க?" என்கிறாள். ஆச்சிக்கும் பேத்திக்கும் நடுவில் நான் ஒரு மொழிபெயர்ப்பாளன். நான் படித்துச் சொல்லாததை அவள் தெரிந்துகொள்ளவே முடியாது. அவர்களுக்குள் ஒரு ரகசியம்கூட இருக்க முடியாது. கம்பனையும் புதுமைப்பித்தனையும் விடுங்கள், எனக்கு இது போதும் காரணம்.

கொலு முடிந்த வாரமே ஆரம்பித்தோம். ஒரு நல்ல செய்தி: மும்பைப் பிள்ளைகளுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. மராத்தி, ஹிந்தியால் தேவநாகரி தெரியும். அ, ஆ, இ, ஈ வரிசை அதேதான். மெய்யோடு உயிர்க்குறி சேரும் கணக்கும் அதேதான். 247 எழுத்து என்று நாம்தான் பயமுறுத்துகிறோம். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், அப்புறம் கால், கொம்பு, சுழி, புள்ளி. கு, டு, மு, று என்று உகர வரிசைதான் கொஞ்சம் படுத்தும். தினம் இருபது நிமிஷம், இரண்டு மாதத்தில் எழுத்துக்கூட்ட வந்துவிட்டது.

நடுவில் வந்த கேள்விகளுக்குத்தான் நான் திணறினேன். "பக்கத்துக்கும் பகலுக்கும் ஒரே க-வா? சத்தம் வேறயா இருக்கே, ஏன் ரெண்டு லெட்டர் வெக்கல?" என்றாள் ஒரு நாள். அந்த பைண்ட் வால்யூமைப் பிரித்த அன்று 'லை' வந்த இடத்தில் நின்றுவிட்டாள். யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய எழுத்து. 1978-ல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றிய கதையைச் சொன்னேன். "அப்போ இந்த புக் உங்களைவிட வயசானதா?" என்று அதைத் தடவிப் பார்த்தாள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். படித்ததைப் பகிர்வது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் அடுத்த தடவை நாலு பேர் கூடும்போது நம் பட்டியலைச் சொல்லி முடித்ததும் இன்னொரு கேள்வியும் கேட்போம்: "உங்க வீட்டுல உங்களுக்கு அப்புறம் இதை யார் படிப்பாங்க?" பதில் இல்லையென்றால் புதுப் புத்தகம் வாங்குமுன் ஒரு அரிச்சுவடி வாங்கலாம். வகுப்பில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் நாம் உட்கார வேண்டும்.

இப்போது நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டால் பழைய பதில் இல்லை. 'மிதவை'யை ஓரமாக வைத்திருக்கிறேன். ராத்திரி ஒரு பக்கம் கல்கி, அவள் விரல் நகரும் வேகத்தில். வீரநாராயண ஏரிக்கரையையே இன்னும் தாண்டவில்லை. நேற்று ஆச்சியிடமிருந்து மெசேஜ் வந்தது. போனை என்னிடம் நீட்டவில்லை, தானே எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தாள். என்ன என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம்.