என்னையும் விட்டுவைக்காதீர்கள்

நேரு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அணைக்கட்டுகளோ ஐந்தாண்டுத் திட்டங்களோ அல்ல, சங்கரின் கேலிச்சித்திரங்கள்தான். 1948இல் 'சங்கர்ஸ் வீக்லி' என்ற அவரது இதழைத் தொடங்கிவைத்த நேரு, தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சங்கரிடம் கேட்டுக்கொண்டார். சங்கரும் விட்டுவைக்கவில்லை. நாட்டின் பிரதமரைப் பத்திரிகைக்காரர் ஒருவர் வாராவாரம் கிண்டலடித்தார்; நட்பும் முறியவில்லை, வழக்கும் வரவில்லை. பழைய தலைவர்களை நினைத்து ஏங்குவதில் எனக்கு உடன்பாடு உண்டென்றால் அது இந்த ஒன்றுக்காகத்தான். அதற்காக அந்தக் கோடுகள் எல்லாமே புனிதம் என்று சொல்ல மாட்டேன். நத்தை மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்கும் 1949ஆம் ஆண்டுச் சித்திரம், 2012இல் பாடநூல் வழியாக நாடாளுமன்றத்தையே உலுக்கியது. அந்தச் சாட்டையைப் பார்த்துக் கொதித்தவர்களின் வலி நியாயமானது. ஆனால் கேலியை ஆள்பவரே கேட்டு வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. நேருவின் மகளின் ஆட்சியில், நெருக்கடி நிலை வந்த 1975இல், அந்த இதழ் நின்றுபோனது.