ஓலையைக் காத்த ஊரில் புத்தகம் பூட்டுக்குள் இருக்கலாமா?



நம்ம ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். புத்தூர் கல்யாணப் பந்தலில் சுந்தரர் உட்கார்ந்திருக்கார். ஒரு பெரியவர் வந்து, "நீ எனக்கு அடிமை, இதோ ஓலை"ன்னு நீட்டுறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிச்சுப் போடுறார். பெரியவர் அசரலை. கிழிஞ்சது நகல்தான், மூல ஓலை பத்திரமா இருக்குன்னு சொல்றார். வழக்கு நம்ம வெண்ணெய்நல்லூர் சபைக்கு வருது.

சபையார் யார் முகத்தையும் பார்த்துத் தீர்ப்பு சொல்லவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய இன்னொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு சொன்னார்கள் என்கிறது பெரியபுராணம்.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பாருங்கள். எழுத்தைப் பாதுகாத்து, தேவைப்படும் நேரத்தில் எடுத்துக் கொடுத்த ஊர் இது. கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர். மெய்கண்டார் வாழ்ந்த ஊர். எழுத்தோடு இவ்வளவு உறவு இருக்கிற மண்ணில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்கிறோம்: நம்ம பகுதி நூலகங்கள் நம்ம மக்களிடம் வந்து சேருகின்றனவா?

"நூலகம் இருக்கா?" என்பது பழைய கேள்வி. பல ஊரில் கட்டடம் இருக்கு. அந்தக் கட்டடத்தால் யாருக்கு என்ன நடந்தது என்பதுதான் இப்போதைய கேள்வி.

2024 டிசம்பர் தொடக்கத்தை மறக்க முடியுமா? ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் பாய்ந்தது. அரசூர், இருவேல்பட்டு பக்கமெல்லாம் வெள்ளக்காடு. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு நிவாரணப் பொருள் கொடுக்கப் போனபோது நாங்கள் பார்த்தது, கயிற்றில் துணியோடு துணியாகக் காய்ந்துகொண்டிருந்த ரேஷன் கார்டு, பட்டா, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். பிள்ளைகளின் பாடப் புத்தகம் சேற்றில் ஊறி, செங்கல் மாதிரி கிடந்தது.

நகல் எங்கே வாங்குவது, எந்த ஃபார்ம், யாரிடம் கொடுப்பது என்று பலருக்கும் தெரியவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு எங்களால் முடிந்ததைச் செய்தோம். அப்போது ஒரு அக்கா கேட்டாங்க: "தம்பி, நீங்க இன்னைக்கு வந்தீங்க, நாளைக்குப் போயிடுவீங்க. இதையெல்லாம் கேட்க நிலையா ஒரு இடம் இல்லையா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. அப்படி ஒரு இடமாக ஊர் நூலகம் இருக்க முடியும். காசு கேட்காத, சாதி பார்க்காத, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரக்கூடிய அரசுக் கட்டடம் ஊரில் வேறு எத்தனை இருக்கு?

"நூலகம்னா புத்தகம் படிக்கிற இடம், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டுவண்டியை நூலகமாக மாற்றினார். வண்டி கிராமம் கிராமமாகப் போனது, புத்தகத்தைக் கொடுத்தது, பிறகு வந்து திரும்ப வாங்கிக்கொண்டது. அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று உலகமே சொல்கிற அதே ரங்கநாதன். வாசகர் வரவில்லையா, நாம் போவோம் என்பதுதான் அந்த வண்டியின் பாடம். பஸ் வசதி, போன், இன்டர்நெட் எதுவும் இல்லாத காலத்தில் நடந்த வேலை இது.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் நம்முடையதுதான். 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தச் சட்டத்தால்தான் இன்றும் நாம் நூலக வரி கட்டுகிறோம். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலகத்துக்கு என்று தனியாக வசூலாகிறது. ஆயிரம் ரூபாய் வரி கட்டினால் நூறு ரூபாய் நூலகத்துக்கு. புத்தகமே தொடாதவரும் கட்டுகிறார், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கட்டுகிறார். அப்போ அந்தப் பாட்டிக்கும் நூலகம் ஏதாவது செய்யணும் இல்லையா?

2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டப்பட்டது. அவற்றில் பல பின்னாளில் பூட்டிக் கிடந்தது ஊரறிந்த கதை. எந்த ஆட்சியில் கட்டினது, எந்த ஆட்சியில் பூட்டினது என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பூட்டுக்குத் துரு பிடிக்கும்போது கட்சி பார்த்துப் பிடிக்காது. உள்ளே இருக்கிற புத்தகத்தைக் கரையான் தின்றால் நஷ்டம் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும்தான்.

வழி இருக்கா? இருக்கு. பொது நூலகத் துறையில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே உண்டு. நூலகத்துக்கு வர முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி போன்றவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோகும் 'நூலக நண்பர்கள்' திட்டமும் உண்டு. பக்கத்துக் கேரளாவில் நூலகத்திலிருந்து பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள். நாம் புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இருப்பதை நடத்தினாலே போதும்.

நம்ம பகுதிக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

👉 பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகங்களைத் திறந்து, பொறுப்பாக ஒருவரை நியமிக்கணும்.

👉 வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருபவரும் படிக்கிற மாதிரி, வாரத்தில் சில நாளாவது இரவு எட்டு மணி வரை நூலகம் இயங்கணும்.

👉 குரூப் 4, போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவங்க விழுப்புரத்துக்கு பஸ் ஏறாமல் இருக்க, புதிய பாடத்திட்டப் புத்தகம், நாற்காலி, மின்விசிறி, இன்டர்நெட் இங்கேயே வேணும்.

👉 மாதம் ஒரு நாள் 'விண்ணப்ப நாள்'. சான்றிதழ், உதவித்தொகை, பயிர்க் காப்பீடு என்று யார் எதைக் கேட்டு வந்தாலும் படித்துச் சொல்லி, நிரப்பிக் கொடுக்க ஆள் இருக்கணும்.

👉 சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குக் கதை நேரம். கதை சொல்ல நம்ம ஊர்ப் பாட்டிமார்களையே கூப்பிடுங்க. அவங்க கட்டின வரிக்கு அவங்களே மேடை ஏறட்டும்.

அரசிடம் கேட்பதோடு எங்கள் வேலை முடியாது. நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடின ஒன்றரை வருஷம், பகல் முழுக்க உட்கார இடம் கொடுத்தது நூலக மேசைதான். "இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று கேட்காத ஒரே இடம் அது. அந்தக் கடனை அடைக்க, முதல் விண்ணப்ப நாளில் லேப்டாப்போடு உட்கார நான் தயார். என்னோடு அணியின் பசங்களும் வருவாங்க. கட்சிக் கொடி, துண்டு, பேனர் எதுவும் இருக்காது. நூலகத்துக்குள் எல்லாரும் வாசகர்கள்தான்.

நீங்க செய்ய வேண்டியது மூணு. ஒண்ணு, இந்த வாரம் உங்க ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினர் ஆகுங்க. ரெண்டு, அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, "நம்ம ஊராட்சியில் நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, அதை நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியாச்சா?" என்று கேளுங்க. பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்க. மூணு, உங்க ஊர் நூலகம் திறந்திருக்கா, பூட்டியிருக்கா என்று ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்க. பட்டியலாக்கி மாவட்ட நூலக அலுவலரிடமும் ஆட்சியரிடமும் நேரில் கொடுக்கிறோம். கொடுத்த மனுவின் நகலை இதே பக்கத்தில் போடுவோம்.

நகல் கிழிந்தாலும் மூலம் பத்திரமாக இருந்த ஊர் இது. அந்த அக்கா கேட்ட நிலையான இடத்தை, அடுத்த மழைக்காலத்துக்கு முன்னாடி திறந்து வைப்போம்.

படிச்சதோட நிறுத்தாம, பகிருங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி, திருவெண்ணெய்நல்லூர்

#திறக்கட்டும்_நூலகம் #நம்_வரி_நம்_நூலகம் #திருவெண்ணெய்நல்லூர்