நோவது காலா, சப்பாத்தா?



போன கிழமை பேத்தி எடுத்துப் போட்ட படத்துக்கு இவ்வளவு பேர் கருத்து எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. 66 வயதில் ஐஸ் மேல் ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்று பாராட்டியவர்களுக்கு நன்றி. "ரீச்சர், விழுந்து இடுப்பு முறிந்தால் ஆர் பார்ப்பது?" என்று கேட்டவர்களுக்கும் நன்றி. அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் போடாமல் நான் இறங்குவதில்லை.

ஆனால் இந்தப் பதிவு உள்பெட்டியில் வந்த ஒரு கேள்விக்காக. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளை, இப்போது அவளுக்கே ஐம்பதை நெருங்குகிறது. "நானும் இங்கே ஸ்கேற்றிங் பழகத் தொடங்கியிருக்கிறேன் ரீச்சர். கால் நோவு தாங்க முடியவில்லை. நீங்கள் எப்படித் தாங்குகிறீர்கள்?" என்று கேட்டிருந்தாள்.

நான் தாங்கவில்லை பிள்ளை. தாங்கக் கூடாது என்பதே என் கருத்து. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரீச்சர்மாருக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி எடுத்து, முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். 2014இல் ஓய்வுபெற்று ஸ்காபரோவுக்கு மகளிடம் வந்தேன். நான்கு குளிர்காலம் யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். ஐந்தாவது குளிர்காலத்தில் பேத்தியை ஸ்கேற்றிங் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. வாங்கில் குந்தியிருந்து விறைத்துப்போவதை விட இறங்கிப் பார்ப்போமே என்று பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். போட்டிக்குப் போகிற ஆசை எல்லாம் இல்லை. கிழமையில் இரண்டு நாள், ஒவ்வொரு மணித்தியாலம். முன்னுக்குப் போவது, பின்னுக்குப் போவது, ஒரு சின்னச் சுற்று. இதற்குள் எனக்குக் கிடைக்கிற சந்தோசம் பெரிது. அந்த ஒரு மணித்தியாலம் நான் ஒருவருக்கும் அம்மம்மா இல்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் நோவு தொடங்கியது. கணுக்காலுக்கு முன்பக்கம், லேஸ் அழுத்துகிற இடத்தில் தீப்போல எரிந்தது. ஐஸில் பத்து நிமிடம் போனதும் உள்ளங்கால் குறண்டிப் பிடித்தது. பிறகு காலையில் படுக்கையால் எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி ஏறியது போல ஒரு குத்து. நாலைந்து அடி நடந்தால் குறையும். நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பினால் திரும்ப வரும்.

வீட்டில் மகள், "அம்மா, இந்த வயசில உங்களுக்கு இது தேவையோ? விடுங்கோ" என்றாள். றிங்க்கில் கூடப் பழகுகிறவர்கள், "எல்லாருக்கும் இப்படித்தான், பூட்ஸ் பழக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒருவர் விடச் சொல்கிறார், மற்றவர் பொறுக்கச் சொல்கிறார். ஏன் நோகிறது என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சித்தாலேப பூசி, குளிசை போட்டு, ஒரு பருவம் முழுக்கப் பொறுத்தேன். பொறுத்ததன் பலன், கோடை முழுக்க நொண்டினேன்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். வெட்கமான கதை.

தொண்ணூறுகளில், திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் ஒரு பொடியன் வரிசையில் நேரே நிற்காமல் கால் மாற்றி மாற்றி நின்றான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வெள்ளைச் சீருடைக்கு வெள்ளைச் சப்பாத்து என்பது எல்லாருக்கும் தெரியும். "ஆடாமல் நில், கொஞ்ச நேரம் பொறுக்க ஏலாதோ?" என்று அதட்டினேன். அவன் நின்றான். கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போது விந்தி விந்தி நடந்தான். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். அது அவனுடையது இல்லை, தம்பியாருடையது. விரல்களை மடக்கி உள்ளே திணித்திருந்தான். பெருவிரல் நகத்தடியில் இரத்தம். "ஏன்டா சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள்தானே ரீச்சர் பொறுக்கச் சொன்னனீங்கள்" என்றான்.

அவன் காலில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை சப்பாத்தில். நான் திருத்தப் பார்த்தது அவனை.

அந்தக் கோடையில் நொண்டிக்கொண்டு திரிந்தபோது அவன் ஞாபகம்தான் வந்தது. அடுத்த பருவம் தொடங்க முன்னம், ஸ்கேற்றிங் பூட்ஸ் அளந்து பொருத்துகிற கடைக்குப் போனேன். என் பூட்ஸ் பழைய சோடி, 40 டொலருக்கு வாங்கியது. வளர்கிற பிள்ளைக்கு வாங்குவது போல ஒரு அளவு பெரிதாக வாங்கி, குளிருக்குத் தடித்த கம்பளி மேசும் போட்டிருந்தேன். கடைக்காரர் என்னை எழும்பி நிற்கச் சொல்லி இரண்டு பாதத்தையும் மில்லிமீற்றரில் அளந்தார். நீளத்தை மட்டும் இல்லை, அகலத்தையும். வலது பாதம் இடதை விடப் பெரிது. இத்தனை வருடம் சுமந்த கால்கள், எனக்கே தெரியாது.

அவர் விளங்கப்படுத்தியதைச் சொல்கிறேன். ஸ்கேற்றிங் பூட்ஸ் பெரும்பாலும் நாங்கள் தெருவில் நடக்கிற சப்பாத்தை விடச் சிறிய இலக்கத்தில்தான் பொருந்தும். நேரே நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், மடங்கக் கூடாது. முழங்காலை மடிக்கும்போது குதி மேலே எழும்பக் கூடாது. என் பூட்ஸில் குதி எழும்பியது. அதை அடக்க நான் லேஸை இறுக்கினேன். இறுக்கியதால் முன்பக்கத் தசைநாண் நசிந்தது. உள்ளே கால் வழுக்கியதால் விரல்கள் தரையைப் பிடிப்பது போலச் சுருண்டன, அதனால் உள்ளங்கால் குறண்டியது. ஒரு பிழை மூன்று நோவாக வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். பாய்ந்து சுழல்கிற போட்டியாளர்கள், உடல் நிறையின் பல மடங்கு ஒரு காலில் இறங்குவதால், மிக விறைப்பான பூட்ஸ் போடுகிறார்கள். என்னைப் போல மெல்லச் சுற்றுகிறவளுக்கு அந்த விறைப்பு தேவையில்லை. கணுக்கால் மடியாவிட்டால் அதுவே நோவு. விலை கூடியது எல்லாருக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

புதுச் சோடி எடுத்தேன். அதைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்குப் பொருத்தினார்கள். கணுக்கால் எலும்பு முட்டுகிற இடத்தில் தோலை வெளிப்பக்கம் தள்ளிக் கொடுத்தார்கள். மேசை மெல்லியதாக மாற்றினேன். லேஸை விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் மடிகிற இடத்தில் இறுக்கமாக, மேலே கொக்கிகளில் முழங்கால் மடியக்கூடிய அளவுக்குக் கட்டப் பழகினேன். முன்பக்க எரிவும் உள்ளங்கால் குறண்டலும் ஒரு மாதத்தில் போய்விட்டன.

குதிக்கால் நோவு போகவில்லை. அது வேறு கதை. குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு, உள்ளங்காலின் அடியில் குதியிலிருந்து விரல் வரை போகிற தடித்த சவ்வு நொந்திருக்கிறது, முப்பது வருடம் சீமெந்துத் தரையில் தட்டைச் செருப்போடு நின்றதிலும் பங்கு இருக்கலாம் என்றார். 11 கிழமை ஐஸுக்குப் போகவில்லை. இயன்மருத்துவர் சொன்னபடி கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி, தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து உள்ளங்காலால் உருட்டுவது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு பலகைத் தரையில் நடக்க வேண்டாம் என்றார். சப்பாத்தோடு வீட்டுக்குள் வராத சனம் நாங்கள். வீட்டுக்கென்று மட்டும் ஒரு மெத்தைச் செருப்பு வாங்கினேன். ஒன்ராறியோவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, வைத்தியர் எழுதித் தந்தால், சில நிலையங்களில் இயன்மருத்துவத்தை மாகாணக் காப்புறுதியே ஏற்கிறது. எங்கள் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. கேளுங்கள்.

சிலர் வீரக்கதை சொல்வார்கள். யப்பானிய வீரர் யுசுரு ஹன்யு கணுக்கால் காயத்தோடு 2018இல் ஒலிம்பிக் தங்கம் எடுக்கவில்லையா என்று. எடுத்தார். இந்த ரொறன்ரோவில் பயிற்சி எடுத்தவர்தான். ஆனால் 2017 நவம்பரில் காயப்பட்டபின் பெப்ரவரி ஒலிம்பிக் வரை அவர் ஒரு போட்டியிலும் இறங்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். அவருக்கே ஓய்வு தேவைப்பட்டிருக்கிறது. அதோடு அவருக்கு முன்னால் இருந்தது ஒலிம்பிக். எனக்கு முன்னால் இருப்பது வியாழக்கிழமை வகுப்பு.

இப்போது முழுக்கச் சுகமா என்று கேட்டால், இல்லை. குளிர் கூடிய நாட்களில் குதி கதைக்கும். அதோடு வாழப் பழகியிருக்கிறேன். ஒரு பழைய கொப்பியில் திகதி, எத்தனை நிமிடம் ஸ்கேற் பண்ணினேன், நோவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று எழுதுகிறேன். மூன்றுக்குள் நின்றால் தொடருவேன். ஐஸில் இருக்கும்போது ஏறினால் நிறுத்துவேன். அடுத்த நாள் காலை கூடினால் அடுத்த வகுப்பில் பாதி நேரம் மட்டும். பிள்ளைகளுக்குப் புள்ளி போட்ட கை, இப்போது காலுக்குப் போடுகிறது.

ஒரு எச்சரிக்கை. எங்களில் நீரிழிவு உள்ளவர்கள் அதிகம். அவர்களுக்கு நோவு இல்லாமல் இருப்பதே ஆபத்தாகலாம், விறைத்த கால் காயத்தைச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் பூட்ஸைக் கழற்றியதும் காலைப் பாருங்கள். இரவில் நோவது, வீங்குவது, ஒரே எலும்பில் விரல் வைத்தால் துடிப்பது, மரத்துப்போவது, இவற்றுக்குக் கைவைத்தியம் வேண்டாம். வைத்தியரிடம் போங்கள்.

"பொழுதுபோக்குக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேத்திக்கு நல்ல பூட்ஸ் வாங்கும்போது ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பெண்கள் தங்களுக்கென்று செருப்பு வாங்கக்கூட யோசிப்பவர்கள். அடுப்படியில் நின்ற கால், வகுப்பறையில் நின்ற கால், நிவாரண வரிசையில் நின்ற கால். பொறுத்தது காணும்.

அந்தப் பொடியன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறானோ தெரியாது. இதை வாசித்தால், அன்றைக்கு நான் சொன்னது பிழையடா.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு வீட்டுவேலை. இன்றிரவு உன் பூட்ஸுக்குள் இருக்கிற உள்ளட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நின்று பார். காலுக்கு வெளியே எவ்வளவு அட்டை மிஞ்சுகிறது, அட்டைக்கு வெளியே எவ்வளவு கால் வழிகிறது என்று பார்த்து எனக்கு எழுது. எழுதும்போது "கால் நோகுது" என்று மட்டும் எழுதாதே. ஒரு பாதத்தில் 26 எலும்பு இருக்கிறது. எந்த இடம், எந்த நேரம், எத்தனை புள்ளி என்று எழுது.